பந்தலுக்குள் நின்று கேட்ட மோட்டார்

சங்குமேட்டுக்குக் கண்டெய்னர் வந்த வருஷம் எது என்று கேட்டால் நாங்கள் ஆளுக்கொரு வருஷம் சொல்வோம், ஆனால் அது வந்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை என்பதை மட்டும் எல்லோரும் ஒன்றுபோலச் சொல்வோம், ஏனென்றால் துறைமுகத்துக்குப் போகிற சாலையோரத்தில் பிறந்து அந்த லாரிகளின் ஹாரன் சத்தத்திலேயே தொட்டிலில் தூங்கியவர்கள் நாங்கள், எங்களுக்குக் கண்டெய்னரும் ஒன்றுதான், எருமை மாடும் ஒன்றுதான். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் பஸ் நிற்கிற பொட்டலில் நாற்பதடி நீளத்தில் நீலமாக அது உட்கார்ந்திருந்தது. டயர் தடம் இல்லை, கிரேன் வந்த சுவடு இல்லை, கதவு மட்டும் கிழக்கே பார்த்து இருந்தது, அதனால் நல்லதுக்குத்தான் வந்திருக்கிறது என்று முடிவு செய்துகொண்டோம். விசாரிக்க வந்த அதிகாரி ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி நம்பரைத் தேடினார், நம்பர் இல்லாத கண்டெய்னர் கணக்கில் இல்லாத கண்டெய்னர், கணக்கில் இல்லாததை அப்புறப்படுத்த எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த டீயைப் போட்டுக் கொடுத்த பாக்கியத்தாய்தான் முதலில் அதனிடம் வாங்கியவள். கிழிந்த வடிகட்டியோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், கண்டெய்னரில் சாய்ந்துகொண்டு, "ஒரு நல்ல வடிகட்டிக்கு வக்கில்லாத பொழப்பாப் போச்சே" என்று சலித்தாள். கதவு ஒரு சாண் திறந்தது, வடிகட்டி வந்தது, பிடியோடும் துணியோடும். அவள் அதில் டீயை வடித்துக் கொடுத்தாள், நாங்கள் குடித்தோம். எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, பாய்லரும் தருமா என்றுதான் கேட்டோம். பாய்லரும் தந்தது, குழாய் மாட்டி, தண்ணீர் ஊற்றி, கீழே தீ மூட்டி, கொதிக்கிற பதத்தில். ஒன்றைக் கேட்டால் அதற்கு எது எது வேண்டுமோ அதையெல்லாம் தானே தேடிச் சேர்த்து, பூட்டி, முழுசாகக் கொடுப்பதுதான் அதன் குணம் என்பது எங்களுக்கு இரண்டே நாளில் விளங்கிவிட்டது.

விளங்காமல் போனது ஆயுள். சில சாமான்கள் போகவே மாட்டேன் என்று நின்றன, சில பாதி வேலையில் காணாமல் போயின. ஒரு சவரக்கடையில் ஒரு பக்க மீசையை எடுத்தவுடன் கத்தி மறைந்து, அந்த மனிதர் மூன்று நாள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தார். மழைக்குக் குடை கேட்டவர்களின் வீடுகளில் கேட்கக் கேட்க வந்த குடைகள் கட்டிலுக்கடியிலும் பரணிலும் அடைந்து, கடைசியில் மனிதர்கள் வெளியே படுத்தார்கள். அப்போதுதான் தங்கப்பழத்தின் மகள் ஆவுடைச்செல்வி, வீட்டிலிருந்தபடியே பெங்களூர்க் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவள், மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுப் பொட்டலுக்கு வந்தாள். இருபத்தொன்பது வயது, யாருக்கும் தழைந்து பேசாத வாய், தப்பைக் கண்டால் உடனே சொல்லிவிடுகிற புத்தி. கதவை முழுக்கத் திறக்கச் சொல்லி உட்பக்கத்தைப் பார்த்தாள், கரும்பலகை போல் கறுப்பு மை பூசி மூன்று கட்டம் போட்டிருந்தது, அதில் ஒரு எழுத்தும் இல்லை.

"எங்க வேலையிலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்றாள். "அதுக்கு மொதல்ல மூணு விஷயம் எழுதிக் கொடுக்கணும். பொருள் என்ன, அதுக்கு என்னென்ன வேணும், எத்தன நாளைக்கு வேணும். நீங்க மூணாவதைச் சொல்லாமலே கேட்டிருக்கிய. அது என்ன செய்யும், பாவம்?"

ஆயுள் மூன்று வகை என்றாள். முதலாவது, ஒரு தடவை: கேட்கும்போதெல்லாம் புதுசு வரும், வேலை முடிந்தால் தீர்ந்தது. இரண்டாவது, ஒரு விசேஷம்: பந்தக்கால் நட்டதிலிருந்து அதைப் பிடுங்குகிற வரைக்கும், அந்த விசேஷத்துக்குள் யார் கேட்டாலும் அதே ஒன்றுதான் வரும், கால் பிடுங்கியதும் திரும்பி உள்ளே போய்விடும். மூன்றாவது, ஊருக்கு ஒன்று: முதலில் கேட்கிறவருக்காகச் செய்யப்படும், அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதே ஒன்று, ஊர் இருக்கிறவரை இருக்கும். "இன்னொண்ணு. கொஞ்ச நாள் பொருளை ரொம்ப நாள் பொருளுக்கு உறுப்பாக் கொடுக்கக் கூடாது. அது விடாது, இது போக முடியாது, ரெண்டும் கெட்டுப் போவும்" என்றும் சொன்னாள். தண்ணீர்க் கமிட்டிச் செயலாளர் கோயில்பிச்சை, முத்து முத்தான கையெழுத்துக்காரர், அந்த எழுத்தைக் காட்டுவதற்காகவே எந்தப் பொறுப்பையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறவர், சாக்கட்டியை வாங்கிக் கதவின் மேல் ஓரத்தில் இதையும் அழகாக எழுதிவைத்தார். எழுதிவைத்ததால் அதை மனதில் வைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போயிற்று.

கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு மாசம் ஆனது, அந்த ஒரு மாசமும் நாங்கள் பட்ட பாடு நாய் படாது. ஒரு தரம் அரைத்தால் போதுமே என்ற சாமர்த்தியத்தில் பாக்கியத்தாய் தேங்காய்ச் சட்னியை ஊருக்கு ஒன்று என்று எழுதச் சொன்னாள், யாரோ ஒரு புண்ணியவான் காரம் பற்றவில்லை என்று தன் தட்டில் மிளகாய்ப்பொடியைக் கொட்ட, அது சங்குமேட்டின் எல்லாத் தட்டிலும் ஏறி, பச்சைப்பிள்ளைகளிலிருந்து பல் போனவர்கள் வரை அன்று கண்ணீர் விட்டோம். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணத்துக்கு ஊருக்கு ஒன்றான நாதஸ்வரத்தைக் கேட்டதில், இரண்டு வீட்டுக்கும் நடுவே சாக்கடைப் பாலத்தில் நின்று வித்வான் வாசித்தார், இரண்டு மாப்பிள்ளைகளும் எட்டிப் பார்த்துக்கொண்டே தாலி கட்டினார்கள். அப்புறம் எல்லாவற்றையும் உள்ளே கொடுத்து, கதவைச் சாத்தித் திறந்து, புதிதாக எழுதிப் படிந்துவிட்டோம். சட்னி ஒரு தடவை, பந்திச் சாமான் ஒரு விசேஷம், பள்ளிக்கூட மணி ஊருக்கு ஒன்று என்று மூக்கு ஒழுகுகிற பிள்ளை கூடச் சொல்லும் அளவுக்குத் தேறினோம்.

போனவர்களையும் கேட்கலாம் என்று தெரிந்தது ஒரு காதுகுத்தில். தாய்மாமன் மடி வேண்டும், மாமனோ லாரி விபத்தில் போய்ச் சேர்ந்தவன்; பிள்ளையின் தாய் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு தம்பியைக் கேட்டாள், ஒரு விசேஷம் என்று எழுதிக் கேட்டாள், அவன் வந்தான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான், மடி கொடுத்தான், பிள்ளை அழுததற்குத் தானும் அழுதான், கறிச்சோறு நன்றாக இருக்கிறது என்றான், வாழைமரத்தை அவிழ்த்தபோது வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து கதவுக்குள் போனான். பூசாரியையும் பாதிரியாரையும் கேட்டோம். ஒரு மனுஷன் ஒரு விசேஷத்துக்கு வந்துவிட்டுப் போவதில் சாஸ்திர விரோதம் எதுவும் இல்லை என்று இருவரும் முதல் முறையாக ஒரே பதிலைச் சொன்னார்கள்.

இப்போது தங்கப்பழத்தின் கதைக்கு வருவோம். ஊர்க் குடிநீர் மோட்டாரை இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர் அவர், அந்த மோட்டார் அவர் ஒருவருக்கு மட்டுமே கட்டுப்படும். அவர் மூச்சு நின்ற ஆறாவது மாசம் அதுவும் உள்ளே கம்பிச்சுருள் கருகி நின்றது, அன்றிலிருந்து டிராக்டர் டேங்கை எதிர்பார்த்துக் குடத்தோடு வரிசையில் நின்றோம். கண்டெய்னரிடம் புது மோட்டார் கேட்கலாம் என்றாலும், அதை ஓட்ட யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டோம். மூன்று வருஷம் கழித்து ஆவுடைக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை லிங்கதுரை, சாயர்புரம் பக்கம், பதவிசான பையன். தாரை வார்க்கச் சித்தப்பா இருந்தார், அது பெரிய விஷயமில்லை. விஷயம் அவள் அம்மா இசக்கியம்மாள். தாலியறுத்தவள் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்று சொந்தக்காரர்கள் அவளை அடுக்களையில் உட்காரவைக்கத் தயாராக இருந்தார்கள். அதைக் கேட்டதும் ஆவுடை செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கண்டெய்னருக்குப் போனாள்.

"எங்க அப்பா. தங்கப்பழம். ஒரு விசேஷம்" என்று எழுதினாள்.

பந்தக்கால் நட்ட அன்று காலையில் அவர் வந்தார், பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். இசக்கியம்மாள் பூ வைத்துக்கொண்டாள், குங்குமம் வைத்துக்கொண்டாள், மணவறையில் புருஷன் பக்கத்தில் முதல் ஆளாக நின்றாள். ஒரு சொந்தக்காரியும் வாயைத் திறக்கவில்லை, எங்களுக்கெல்லாம் அதைப் பார்க்கக் குளுகுளு என்றிருந்தது. தங்கப்பழம் வாசலுக்கும் மணவறைக்குமாக ஓடினார், பந்திக்குப் பந்தி உப்புக் கேட்டார், மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் வார்த்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கோயில்பிச்சைக்கு ஊர்ப்பற்று பொங்கியது. கூட்டம் கொள்ளாமல் பந்தலைத் தெரு நீளத்துக்கு இழுத்து, கண்டெய்னர் கதவு வரைக்கும் போட்டிருந்தோம். இரண்டாம் பந்தியில் பாயசம் முடித்துக் கையைக் கழுவிவந்தவர், தங்கப்பழம் நடமாடுவதைப் பார்த்தார், மூன்று வருஷமாகத் தான் குடத்தோடு நின்ற வரிசையை நினைத்தார், ஏப்பம் விட்டார், சாக்கட்டியை எடுத்தார். முத்து முத்தாக எழுதினார்: பொருள், குடிநீர் மோட்டார். வேண்டியது, மெக்கானிக் தங்கப்பழம். ஆயுள், ஊருக்கு ஒன்று. எழுதிவிட்டுப் பந்தல் நிழலில் நின்றபடியே மோட்டாரைக் கேட்டார். பந்தலுக்குள் நின்று கேட்கிறவனுக்கு அந்தப் பந்தலுக்கு உரியதைக் கொடுப்பதுதான் கண்டெய்னரின் வழக்கம், அதனால் மெக்கானிக் என்ற இடத்தில் கல்யாணத்துக்கு வந்திருந்த தங்கப்பழத்தையே எடுத்துப் பூட்டியது. ஊர்க் கோடி மோட்டார் அறையில் புது மோட்டார் உறுமியது, வந்தவர்களுக்கு வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்த தங்கப்பழம் தட்டை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, "ஒரு நிமிஷம், இந்தா வாரேன்" என்று அந்தத் திசையில் நடந்தார். தெருக்குழாய்களில் தண்ணீர் பீறிட்டது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் பாதிப்பேர் இலையை விட்டுவிட்டுக் குடம் எடுக்க ஓடினார்கள்.

சாயந்திரம் பந்தக்காலைப் பிடுங்கினோம். அண்டா, ஜமுக்காளம், குத்துவிளக்கு, நாதஸ்வரம், எல்லாம் வரிசையாக உள்ளே போயின. தங்கப்பழம் போகவில்லை.

முதல் நாள் ஊரே சந்தோஷப்பட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. தண்ணீர் இரண்டு வேளை வந்தது, இசக்கியம்மாள் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்குப் போய்ப் பகல் முழுவதும் அவர் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் சாப்பிடவில்லை, பசிக்கவில்லை என்றார். மறுநாள் காலையில் ஆவுடை போனபோது, பட்டு வேட்டி கசங்காமல், சந்தனம் காயாமல், பெல்ட்டைத் தடவிக்கொண்டு நின்றவர் கேட்டார்: "ஏட்டி, மாப்ள வீட்டுக்காரவ வந்துட்டாவளா?"

அவருக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான். கல்யாண நாளுக்கென்று வந்தவர், அந்த நாளுக்கு வேண்டிய பேச்சும் தெம்பும் ஞாபகமும் மட்டும் கட்டிக்கொண்டு வந்தவர், அதற்கு மேல் ஒரு பொழுதுக்கும் அவரிடம் கையிருப்பு இல்லை. அந்த ஒரு நாளையே இழுத்து இழுத்து அடுத்த நாளுக்கும் அதற்கடுத்த நாளுக்கும் போர்த்திக்கொண்டிருந்தார், இழுக்க இழுக்க அது நைந்தது. நாலாம் நாள் தெருப் பெயர்கள் போயின. ஏழாம் நாள் தம்பியை யாரென்று கேட்டார். பத்தாம் நாள் தன் பெயர் எழுதிய மோட்டார் அறைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, நல்ல பெயராக இருக்கிறது என்றார். வெயிலில் நின்றால் அவர் நிழல் வெளிறித் தெரிந்தது. வாசலில் யார் நிழலாடினாலும் கைகூப்பி, "வாங்க வாங்க, சாப்டாமப் போகக் கூடாது" என்றார்.

மாப்பிள்ளை வீட்டாரை அவர் கேட்ட அன்றைக்கே ஆவுடைக்கு விளங்கிவிட்டது. கதவில் கோயில்பிச்சையின் கையெழுத்தைப் படித்தாள், மேல் ஓரத்தில் தான் சொல்ல அவரே எழுதியதையும் படித்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். இதே தப்பை அவள் கம்பெனியில் யாராவது செய்தால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துத் திருத்திவிட்டு டீ குடிக்கப் போவாள். ஆனால் அங்கே மாட்டிக்கொண்டிருப்பது யாருடைய அப்பாவும் இல்லை. கணவன் வீட்டுக்குப் போகாமல் தள்ளிப்போட்டாள், லிங்கதுரையும், "நீ முடிச்சுட்டு வா, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டான். அப்பா தன்னையும் மறப்பதற்குள், தேய்ந்து ஒன்றுமில்லாமல் போவதற்குள், முழு மனுஷனாக அவரை வழியனுப்ப வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வழி அவளுக்குத் தெரியும், ஆனால் அந்த வழியில் ஊர் நின்றது. ஊருக்கு ஒன்று என்று எழுதிய வரியை அழிக்க வேண்டுமானால், அந்த வகைப் பொருள்கள் அத்தனையும் உள்ளே போய், கதவைச் சாத்தி, மறுபடி திறக்க வேண்டும். பள்ளிக்கூட மணி, பஸ் ஸ்டாப் கடிகாரம், ரேஷன் கடைத் தராசு, தேர் வடம், மோட்டார், எல்லாம்.

"மணியக் குடு, தராசக் குடுன்னா தந்துருதோம். மோட்டாரக் குடுன்னா எப்படிம்மா?" என்றார் கோயில்பிச்சை. அவர் கெட்டவர் இல்லை, தன் எழுத்தின் மேல் உள்ள பிரியம்தான் அவரை அப்படிப் பேச வைத்தது. "மூணு வருசம் நாக்கு வறண்டு கெடந்தோம். இப்பதான் தண்ணி வருது. ஒங்க அப்பாவும் கண்ணு முன்னால நடமாடுதாரு. ரெண்டும் நல்லதுதான?"

"அவரு நடமாடல அண்ணாச்சி, தேயுதாரு. அவரு தேஞ்சு முடிஞ்ச அன்னைக்கு மோட்டாரும் நிக்கும், அப்ப ரெண்டும் இருக்காது" என்றாள் ஆவுடை. "மோட்டாருக்கு மெக்கானிக் வேணும், நான் இல்லங்கல. வேணுங்கறப்ப கூப்புடணும், வேலை முடிஞ்சா விட்டுறணும். கையப் பிடிச்சுக்கிட்டே இருக்கக் கூடாது. அந்த வரியை அப்படி மாத்தி எழுதினா மோட்டாரும் இருக்கும், ஆளும் வீட்டுக்குப் போவான்."

"எந்த ஆளு? இத்தன வருசத்துல அந்த மோட்டாரு கட்டுப்பட்டது இவரு ஒருத்தருக்குத்தான்."

ஆவுடை அங்கிருந்து நேரே மோட்டார் அறைக்கு நடந்தாள். ஊரை விடவும் பெரிய தடை வீட்டில் இருந்தது. மோட்டார் அறை வாசலில் வெறும் தரையில் உட்கார்ந்துகொண்டு இசக்கியம்மாள் மகளைப் பார்த்துக் கை நீட்டிச் சொன்னாள்: "அவுக என் பேர மறந்தா மறந்துட்டுப் போறாவ. எனக்கு அவுக பேரு ஞாபகம் இருக்குல்லா? அது போதும். மூணு வருசம் ஒரு மூலையில கெடந்தேன் ஆவுடை. இப்ப காலையில எந்திரிச்சா எனக்கு ஒரு எடம் இருக்கு, அங்க போயி ஒரு ஆளு மொகத்தப் பாக்கேன். அதையும் பிடுங்கிராத."

ஆவுடை வீட்டுக்கு வந்து, யாரும் பார்க்காத இடத்தில் அழுதாள். அம்மாவின் கையை முறுக்கி எடுக்கிற காரியத்தை அவளால் செய்ய முடியாது, செய்யாமல் இருக்கவும் முடியாது.

பத்தொன்பதாம் நாள் முற்பகல் அது தானாக முடிவுக்கு வந்தது. இசக்கியம்மாள் வழக்கம்போலத் தூக்குச்சட்டியோடு போய் வாசலில் நின்றாள், தங்கப்பழம் திரும்பிப் பார்த்து, முன்பின் தெரியாதவளைக் கும்பிடுகிற மரியாதையோடு கும்பிட்டார். "வாங்கம்மா, வாங்க. பொண்ணு வீட்டுச் சொந்தமா, மாப்ள வீட்டுச் சொந்தமா?"

"பொண்ணு வீடு" என்றாள் இசக்கியம்மாள்.

"நல்லதாப் போச்சு. ஒங்களால ஒரு ஒதவி ஆவணும்" என்று கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என் வீட்டுக்காரி உள்ள நிக்கா. விடியக்காலமிருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. நான் சொன்னா கேக்க மாட்டா, வேலை வேலைன்னு ஓடுவா. நீங்க பொம்பளயாளு, நீங்க சொல்லி அவள ரெண்டு வாயி சாப்பிட வச்சுருங்க. நான் போயிப் பாக்கலாம்னா, இந்த மோட்டாரு என்னய விடமாட்டேங்கு."

இசக்கியம்மாள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள், அவர் எதிரே உட்கார்ந்தாள், சட்டியைத் திறந்து அந்தச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தானே சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள், விக்கியபோது அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். கையைக் கழுவிக்கொண்டு நேரே கண்டெய்னருக்கு வந்தாள், நாங்கள் அத்தனை பேரும் இருந்தோம்.

"முடிச்சு விடு ஆவுடை" என்றாள். "அவுகளுக்குப் போகணும். என்னயப் பாக்கப் போகணும்னு நெனச்சும் போக முடியாம நிக்காவ." அப்புறம் கோயில்பிச்சையைப் பார்த்தாள். "மெக்கானிக் யாருன்னு கேட்டியளாம்லா. என் பேர எழுதும். பத்தொம்பது நாளு எதுக்க உக்காந்து அவுக கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பேசறதுக்குத்தான் அவுககிட்ட ஒண்ணும் இல்லயே, கையத்தான் பாத்தேன். எந்த நட்ட எப்பத் தளத்தணும், பெல்ட்டு எந்தச் சத்தம் போட்டா எண்ணெய் விடணும், காத்துப் புடிச்சா எந்த வால்வத் திறக்கணும், எல்லாம் தெரியும். எழுதும்."

கோயில்பிச்சை ஒரு பொம்பளை எப்படி என்று வாயெடுத்தார், பாக்கியத்தாய் அவரைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கினார்.

அன்று மத்தியானம் சங்குமேடு தன்னிடம் இருந்த ஊருக்கு ஒன்றுகளையெல்லாம் திருப்பிக் கொடுத்தது. பள்ளிக்கூட மணி வந்தது, கடிகாரம் வந்தது, தராசு வந்தது, நூறு பேர் தோளில் தேர் வடம் வந்தது, மோட்டாரை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம், வண்டிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத கயிறு ஒன்று கட்டியது போல, பட்டு வேட்டியில் தங்கப்பழம் நடந்து வந்தார், இரண்டு பக்கமும் நின்ற எங்களைக் கும்பிட்டுக்கொண்டு. மோட்டாரைப் பலகை வைத்து உள்ளே தள்ளினோம். அவர் வாசற்படியில் நின்று, பக்கத்தில் நின்ற ஆவுடையிடம் யாரென்று தெரியாமலே கேட்டார்: "மாப்ள வீட்டுக்காரவ வந்துட்டாவளாம்மா?"

பத்தொன்பது நாளும் அவள், வந்துக்கிட்டே இருக்காவ அப்பா என்றுதான் சொல்லியிருந்தாள். இப்போது அவர் கையைப் பிடித்து, சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"வந்தாவப்பா. தாலி கட்டியாச்சு, தாரை வாத்துக் கொடுத்தாச்சு, எல்லாப் பந்தியும் முடிஞ்சுட்டு, ஒருத்தரும் பசியோட போகல. அம்மாவும் சாப்ட்டாச்சு. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுட்டுப்பா."

அந்தச் சொல்லுக்காகத்தான் அவர் அத்தனை நாளும் நின்றிருந்தார் போலும். தோள் இறங்கியது, ஒரு நீளமான மூச்சு விட்டார், இழுபட்டுக் கிடந்த அந்த ஒரு நாள் மறுபடி தன் அளவுக்குச் சுருங்கி அவர் மேல் பொருந்தியதை நாங்கள் பார்த்தோம், நிழல் கறுத்து விழுந்தது. மகளை மேலும் கீழும் பார்த்தார், முகம் மலர்ந்தது, உடனே கோபம் வந்தது.

"ஏட்டி ஆவுடை! கல்யாணம் முடிஞ்சுட்டுன்னா நீ இன்னும் இங்க என்ன செய்த? மாப்ள காத்துக்கிட்டு இருப்பாரு. கெளம்பு, கெளம்பு. அழுதுக்கிட்டே போகாத, மொகத்தத் தொடச்சுக்கிட்டுப் போ." பிறகு மனைவியைப் பார்த்தார். "இசக்கி, பூ ஒனக்கு நல்லாருக்கு. அத எடுத்துராத" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விசேஷ வீட்டிலிருந்து வயிறு நிறைந்து கிளம்புகிற மனுஷனைப் போல, உள்ளே போனார்.

கதவைச் சாத்தினோம். கோயில்பிச்சை தன் கையெழுத்தைத் தானே துடைத்தார், அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை. மறுபடி திறந்தபோது மணியையும் தராசையும் மற்றவற்றையும் பழையபடியே எழுதி, மோட்டாருக்கு வந்ததும் ஆவுடை சொல்லச் சொல்ல எழுதினார்: மோட்டார், ஊருக்கு ஒன்று. வேண்டியது, மெக்கானிக்கைக் கூப்பிடுகிற ஒரு குரல் மட்டும். மெக்கானிக் இசக்கியம்மாள், ஒரு தடவை. இந்த முறை பந்தல் எதுவும் இல்லாத வெட்டவெளியில் நின்று கேட்டோம். ஊருக்குரியதை விசேஷ வீட்டுப் பந்தலுக்குள் நின்று கேட்காதே என்பது எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் ஒரு வழக்கம், வார்டு மெம்பரிடம் தெருவிளக்கு கேட்பதானாலும் பந்தலை விட்டு வெளியே வந்துதான் கேட்போம். அடுத்த நாள் காலை பஸ்ஸில் ஆவுடை சாயர்புரம் போனாள், முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் போனாள்.

மாசி மாசம் ஒரு காலையில் மோட்டார் முதல் முறையாகச் சிக்கிக்கொண்டது. தெருவெல்லாம் கேட்கும்படி இசக்கியம்மாள் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தலையில் கனகாம்பரத்தோடு, ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு போனாள். நாங்கள் குடங்களோடு வாசலில் நின்றோம், உண்மையைச் சொன்னால் தண்ணீரை விட, மோட்டார் இவளையும் பிடித்துக்கொண்டால் ஆவுடைக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளே ஏதோ தட்டுகிற சத்தம், திட்டுகிற சத்தம், பிறகு உறுமல், குழாயில் தண்ணீர். இசக்கியம்மாள் கிரீஸ் கையோடு வாசலுக்கு வந்தாள், நிலைப்படியில் ஒரு கணம் நின்றாள், வலது காலை எடுத்து வெளியே வைத்தாள். மோட்டார் அவளை விட்டுவிட்டது.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிய, தண்ணியப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, அவள் வீட்டுக்குப் போனாள்.